யானைக்கு முன்னால் நின்றவர் வேட்டை வழிகாட்டி ஆகலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. ஊர் வெல்லாவெளிக்கு அப்பால், மட்டக்களப்புப் படுவான்கரை. உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதினேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்பாவோடு வயல் செய்கிறேன். போன தை மாதம் ஒரு நாள் வட்டையில், அதாவது வயல்வெளியில், காவல் இருந்துவிட்டு, விடியப்புறம் வாய்க்கால் கட்டால் கிழக்கே வீட்டுக்கு நடந்து வந்தேன். போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். திடீரென்று ஐம்பது அடி எட்டத்தில் ஓர் அலியன், கொம்பில்லாத ஆண் யானை. காதை விரித்து, தலையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. நான் அசையாமல் நின்றேன். கிட்ட வந்து நின்று மண்ணை உதைத்தது. அப்புறம் சத்தமே இல்லாமல் மறுபடி வந்தது. வாய்க்காலுக்குள் விழுந்து படுத்துவிட்டேன். என் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டது. "உனக்குப் பயமே இல்லை, நீ ஆபிரிக்காவில் வேட்டை வழிகாட்டியாகப் போகலாம்" என்கிறார்கள் நண்பர்கள். யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். விசா எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அம்மா அழுகிறா. அந்த வேலைக்கு எப்படிப் போவது? இன்னொரு தரம் இப்படி மாட்டினால் எப்படித் தப்புவது?

பதில்:

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். ஆபிரிக்கா போனாலும் போகாவிட்டாலும் நாளைக் காலை நீங்கள் அதே வாய்க்கால் கட்டால்தான் நடக்கப் போகிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. பொத்துவில், பாணமைப் பக்கம் காட்டு வழிகாட்டியாக இருக்கிறவன் நான். காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகும் பயிற்சியைத் தென்னாபிரிக்காவில் எடுத்தேன். அங்கே வேட்டை முகாம்களில் வேலை செய்தவர்களோடு நன்றாகப் பழகியிருக்கிறேன். ஆனால் நான் வேட்டைக்காரன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். உங்களை அறியாமலே நல்ல விவரமெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். முதல் தரம் வந்தபோது காது விரிந்திருந்தது, தலை உயர்ந்திருந்தது, பிளிறல் கேட்டது. இது பெரும்பாலும் மிரட்டல். தன்னைப் பெரிதாகக் காட்டி உங்களை விலக வைக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ஓடாமல் நிற்பதுதான் சரி. ஓடினால் மிரட்டல் துரத்தலாக மாறும். நீங்கள் நின்றது துணிச்சலாலா, கால் மரத்துப் போனதாலா என்பது உங்களுக்குத்தான் தெரியும். யானைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாம் தரம் "சத்தமே இல்லாமல்" வந்தது என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு நெஞ்சு பதறியது. காதைக் கழுத்தோடு ஒட்ட வைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வரும் யானை மிரட்ட வருவதில்லை. அப்போது சிலை மாதிரி நின்றிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. உங்களைக் காப்பாற்றியது வாய்க்கால். யானையால் பாயவோ குதிக்கவோ முடியாது. செங்குத்தான கரையில் இறங்குவதற்கு ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்துத்தான் இறங்கும். கையிலிருந்த பை வாய்க்கால் கட்டின் மேல் விழுந்ததும் நல்லதாய்ப் போயிற்று. மனித வாடை ஊறிய ஒரு பொருள் கிடைத்தால் யானை சில வேளை தன் கோபத்தை அதில் தீர்த்துவிடும். பழைய ஆட்கள் சேட்டைக் கழற்றி எறி என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்த அடையாளங்களைச் சட்டப் புத்தகம் மாதிரி எடுக்காதீர்கள். மிரட்டலாகத் தொடங்கிப் பாதி வழியில் மெய்யாக மாறுவதும் உண்டு. கன்னத்தில் நீர் வழிந்து, பின்னங்கால் நனைந்து நாறிக்கொண்டு நிற்கும் மதயானையிடம் எந்தக் கணக்கும் செல்லாது. கன்றோடு நிற்கும் கூட்டமும் அப்படித்தான். அவற்றைக் கண்டால் காதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், கண்ட இடத்திலேயே மெல்லப் பின்வாங்குங்கள்.

ஓடுவதைப் பற்றியும் சொல்கிறேன். யானை மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும். நல்ல றோட்டில் ஒரு வாலிபன் கொஞ்ச தூரத்துக்கு அதற்கு ஈடுகொடுக்கலாம். சேறு வழுக்கும் வரம்பில், சிலிப்பர் போட்ட காலோடு முடியாது. எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஓடுங்கள். கட்டிப்பிடிக்க முடியாத பருத்த மரம், பாறை, ஆழமான வாய்க்கால், இப்படி ஒன்று. பூவரசுக் கன்றில் ஏறிப் பயனில்லை, மரத்தோடு சேர்த்து உங்களையும் இறக்கிவிடும்.

சரி, அந்த யானை ஏன் ஐம்பது அடி வரைக்கும் உங்களை அறியாமல் நின்றது? இதை நீங்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தை மாதம் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. நீங்கள் கிழக்கே நடந்திருக்கிறீர்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்திருக்கிறது, உங்கள் வாடை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. யானைக்குக் கண் பார்வை அவ்வளவு கூர்மை இல்லை, மூக்குத்தான் எல்லாம். அந்த மூக்குக்கு நீங்கள் எட்டவில்லை. உங்கள் காதிலோ பாட்டு. கிளை முறியும் சத்தமும், வயிறு இரைவதுபோல யானை போடும் அந்தத் தாழ்ந்த உறுமலும் உங்களுக்குக் கேட்டிருக்காது. இரண்டு பேருமே திடுக்கிட்டிருக்கிறீர்கள். திடுக்கிட்ட மிருகம்தான் அடிக்கும்.

நேரமும் அப்படி. இரவு வயலுக்கு இறங்கிய யானை விடியும்போது காட்டுக்குத் திரும்புகிறது. காவலுக்குப் போனவனும் அதே நேரத்தில்தான் வீட்டுக்குத் திரும்புகிறான். பாதையும் ஒன்றுதான். கொஞ்சம் வெளித்த பிறகு இரண்டு பேராக, பேசிக்கொண்டு வந்திருந்தால் அந்த அலியன் உங்களுக்கு முன்பே ஒதுங்கியிருக்கும். கச்சான் காலத்தில் இந்தக் கணக்கு மாறும். மேற்கேயிருந்து காற்று அடிக்கும்போது, நீங்கள் வீடு திரும்பும் வழியில் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போகும். அது நல்லது. காட்டுப் பக்கம் போகும்போதுதான் அப்போது கவனம் வேண்டும்.

தென்னாபிரிக்க வழிகாட்டிகள் சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்திருப்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் தூள் பறக்கிற பக்கம் தெரியும், காற்று தெரிந்துவிடும். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்முடைய யாத்திரைக்காரர்களின் இடுப்பில் திருநீற்றுப் பை தொங்குகிறது, ஒருவரும் இதற்குப் பாவிப்பதில்லை.

யாத்திரை என்றதும் கரடி நினைவுக்கு வருகிறது. உங்கள் பக்கம் குறைவு. ஆனால் ஆனி, ஆடியில் உகந்தையிலிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமம் நடக்கிறீர்கள் என்றால் அது பாலைப்பழக் காலம். கரடி அந்தப் பழத்துக்கு உயிரை விடும். மரத்தின் மேலும் இருக்கும், கீழேயும் இருக்கும், தின்னும்போது தன்னை மறந்திருக்கும். அதற்கும் பார்வை மந்தம். கிட்ட வந்தபிறகு கண்டால் வெருண்டு பாயும், பாய்ந்தால் முகத்தைத்தான் பிறாண்டும். நான் பயப்படும் மிருகம் எது என்று கேட்டால் யானைக்கு முன் கரடியைத்தான் சொல்வேன். கூட்டமாக "அரோகரா" போட்டுக்கொண்டு நடப்பது பக்திக்கு மட்டும் இல்லை, கரடிக்கு அதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது. பின்தங்கித் தனியாக நடப்பவர்தான் ஆபத்தில் இருப்பவர். மீறிப் பாய்ந்துவிட்டால், குப்புறப் படுத்து முகத்தை மண்ணில் புதைத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். முதுகில் காயம் வரும். கண்ணும் முகமும் தப்பும். அது போய்விட்டது என்று நிச்சயமாகும்வரை எழும்ப வேண்டாம்.

சிறுத்தை உங்களைக் கண்டால் தானே விலகிவிடும். நேரே நின்று மெதுவாகப் பின்வாங்கினால் போதும். முதலைக்கு ஒரே வைத்தியம், குளத்தின் ஒரே துறையில் தினமும் ஒரே நேரத்தில் இறங்காமலிருப்பது.

இனி ஆபிரிக்கா.

இலங்கையில் இந்தத் தொழில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் யானை சுட்டால் சன்மானம் கொடுத்தார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஓர் அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கதையை நம் கிழவர்கள் எந்த முகத்தோடு சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக எல்லாம் இறுகிவிட்டது. ஆகவே பழகிப் பார்க்கிறேன் என்று யாருடைய துவக்கையும் கடன் வாங்கிக் காட்டுக்குள் போய்விடாதீர்கள். களவாக வேட்டையாடிய வழக்கு ஒன்று உங்கள் பெயரில் இருந்தால் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும்.

ஆபிரிக்காவிலும் எல்லா நாட்டிலும் இல்லை. கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. பொட்சுவானா 2014இல் நிறுத்தி, 2019இல் திரும்பத் திறந்தது. தென்னாபிரிக்கா, நமீபியா, சிம்பாப்வே, தன்சானியா, சம்பியா, மொசாம்பிக் இவற்றில் சட்டப்படி நடக்கிறது. இவற்றில் தேர்வு கடினம் என்று பெயரெடுத்தது சிம்பாப்வே. முதலில் எழுத்துத் தேர்வு. சட்டம், துவக்கு, மிருகங்களின் பழக்கவழக்கம் எல்லாம் வரும். அதில் தேறினால் பயிலுநர் அனுமதி. பிறகு அனுமதி பெற்ற ஒருவரின் கீழ் வருடக்கணக்கில் வேலை. அதற்கு மேல் துவக்குச் சுடும் தேர்வு, முதலுதவி, கடைசியில் காட்டில் நாட்கணக்கில் நடக்கும் செய்முறைத் தேர்வு. அதில் தேர்வாளர்களுக்கு முகாம் போட்டு, சாப்பாட்டுக்கு வழி செய்து, அவர்கள் முன்னால் ஆபத்தான மிருகத்தைத் தடம் பிடித்துக் காட்ட வேண்டும். தென்னாபிரிக்காவில் ஒரு பத்து நாள் பாடநெறியோடு ஆரம்பக்கட்ட அனுமதிக்குப் போகலாம். ஆனால் அனுமதிப்பத்திரம் கையில் இருப்பதும், ஒரு முதலாளி உங்களை நம்பி வாடிக்கையாளரை ஒப்படைப்பதும் வேறு வேறு.

யூடியூபில் நீங்கள் பார்ப்பது கடைசி ஐந்து நிமிடம். அந்தப் பயிலுநர் வருடங்களில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார்கள். தோல் உரிப்பார்கள், உப்புப் போடுவார்கள், ஐஸ் பெட்டி நிரப்புவார்கள், வாடிக்கையாளரின் மனைவிக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சுடுகிறவர் வழிகாட்டி இல்லை, பல்லாயிரம் டொலர் கட்டி வந்தவர்தான் சுடுகிறார். வழிகாட்டியின் வேலை, இந்தக் கிழட்டு ஆணைச் சுடலாம், அதை வேண்டாம், இந்தக் கோணம் சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வது. பணம் கட்டினவரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம்தான் அந்தத் தொழிலில் தேவைப்படும் பெரிய தைரியம்.

அவர் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டால் பிறகுதான் உண்மையான வேலை. குண்டு வயிற்றில் பட்ட காட்டெருமை புதருக்குள் போய்விடும். அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, பின்னால் போய் முடித்தாக வேண்டும். வாடிக்கையாளர் ஜீப்பிலேயே இருக்கலாம், வழிகாட்டி போக வேண்டும். அடிபட்ட எருமை சில வேளை ஒரு வட்டமடித்துத் தன் தடத்துக்குப் பக்கத்திலேயே வந்து ஒளிந்து நிற்கும். தடத்தைப் பார்த்துக் குனிந்து போகிறவனின் விலாப் பக்கத்திலிருந்து வரும். பத்து அடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆபத்தான மிருகத்துக்கு .375க்குக் குறைந்த துவக்குக் கூடாது என்று பல இடங்களில் விதி வைத்திருப்பது இந்தப் பத்து அடிக்காகத்தான். அப்போதும் வழிகாட்டிக்கு முன்னால் ஒருவர் நடப்பார். தடம் பார்க்கும் உள்ளூர்க்காரர். பெரும்பாலும் கையில் ஒரு தடி மட்டும். படங்களில் அவர் ஓரமாக நிற்பார். அந்த முகாம்களில் நான் மரியாதை வைத்தது அவர்கள் மேல்தான்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊரிலும் கதை அதேதான். மிகவும் ஆபத்தான மிருகம் ஏற்கெனவே மனிதனிடம் காயப்பட்ட மிருகம். கட்டுத்துவக்குச் சன்னம் காலில் இருக்கும் யானை, ஹக்கபட்டாஸ் என்ற, தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி வாயில் வெடித்துத் தின்ன முடியாமல் அலையும் யானை, தினமும் வெடி போட்டுக் கலைத்துக் கலைத்து மனிதனைக் கண்டாலே வெறுக்கும் யானை. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தச் சண்டையில் போனார்கள். ஆபிரிக்காவில் அடிபட்டதை முடிக்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். படுவான்கரையில் அதன் முன்னால் போய் மாட்டுவது காவலுக்குப் போனவனும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும். நொண்டும் யானையைக் கண்டால் தனியாகப் பின்னால் போய்ப் பார்க்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் 1990. அம்புலன்ஸ் வரும்வரை இரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு வட்டையிலும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே.

இப்போது நேர்ப் பதில். வேட்டை வழிகாட்டியாக உங்களால் முடியுமா? முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நம் கடவுச்சீட்டோடு போய் வேலை விசா, துவக்கு அனுமதி, பயிலுநர் இடம் மூன்றையும் எடுப்பது மிகவும் கஷ்டம். அந்த நாடுகளின் இளைஞர்களே அந்த இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். யானைக்கு முன்னால் நின்றதை அங்கே யாரும் தகுதியாக எடுக்கவும் மாட்டார்கள். ஏன் அவ்வளவு கிட்டப் போனாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எனக்கு உங்களிடம் பிடித்தது வேறு. அந்தப் பயத்திலும் காது எப்படி இருந்தது, சத்தம் வந்ததா, எந்தப் பக்கம் நடந்தேன் என்றெல்லாம் பார்த்து வைத்திருக்கிறீர்கள். உயிரியலும் படித்திருக்கிறீர்கள். இது துவக்கில்லாத வழிகாட்டிக்கு வேண்டிய கண். தென்னாபிரிக்காவில் நடைவழிகாட்டிகளுக்கென்று தனிப் பாடமும் தரச் சான்றிதழும் இருக்கின்றன. அவர்களும் துவக்குத் தூக்குவார்கள், சுடவும் படிப்பார்கள், ஆனால் சுட நேர்ந்தால் அன்றைய நடை தோல்வி என்று எடுப்பார்கள். தாங்கள் வந்து போனதை மிருகம் அறியவே கூடாது என்பது அவர்கள் கணக்கு. வசதி வரும்போது ஒருநாள் அந்தப் பாடத்துக்குப் போய் வாருங்கள், நல்ல செலவு.

அதுவரைக்கும் இங்கேயே வேலை கிடக்கிறது. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய், தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். லாகுகலைக் குளங்களில் புல் தின்ன யானைக் கூட்டம் இறங்குகிறது. குமணயில் பறவைகள். இங்கெல்லாம் ஜீப் ஓட்டுகிறவர்கள் நிறைய, மிருகத்தை வாசிக்கத் தெரிந்து விளக்கிச் சொல்கிறவர்கள் குறைவு. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டி அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான அனுமதியும் உண்டு, உங்களுக்கு அது போதும். ஆங்கிலமும் சிங்களமும் சரளமாக வேண்டும். வனஜீவராசித் திணைக்கள அலுவலர்களோடு பேச சிங்களம் இல்லாமல் ஒன்றும் நகராது. பறவைகளில் தொடங்குங்கள். யானை தினமும் வராது, பறவை உங்கள் வயலிலேயே இருக்கிறது. எந்தப் பறவை எந்த மாதம் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதிய கொப்பியோடு வந்தால், பருவ காலத்தில் என்னோடு உதவியாளாக எடுத்துப் பார்க்கிறேன். சம்பளம் பெரிதாக இராது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வாருங்கள், அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வர வேண்டாம்.

அம்மாவிடம் சண்டை பிடிக்காதீர்கள். இரவுக் காவலுக்குத் தனியாகப் போவதில்லை, காதில் எதையும் மாட்டிக்கொண்டு நடப்பதில்லை என்று சொல்லி, அப்படியே ஒரு போகம் நடந்து காட்டுங்கள். அழுகை பாதி குறையும்.

அந்த ஏஜென்ட் விஷயம். வேட்டை வழிகாட்டி வேலைக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று நம்மூரில் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் விற்பது சுற்றுலா விசாவாகத்தான் இருக்கும். அதில் போய் வேலை செய்தால் பிடிபட்டுத் திரும்ப வேண்டியதுதான். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து, அவருடைய முகவர் அனுமதி இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். இலக்கம் தர மறுத்தால் அதுவே பதில். முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இந்த வாரமே பணியகத்துக்குப் போங்கள்.